பஞ்சவர்ணம் தூவுன பொடி

ஏ தாயி, பாத்து, பாத்து! அந்தப் பையை மிதிச்சுராத. உள்ள மண்ணு இருக்கு. மண்ணுன்னா மண்ணுதான், எங்க தோட்டத்து மண்ணு. சிரிக்காத. ஊருல எல்லாரும் இந்த பஸ்ஸுல பூண்டு கொண்டுபோறாக, கேரட்டு கொண்டுபோறாக. நான் ஒருத்திதான் மண்ணை அள்ளிக் கட்டிக்கிட்டு கொடைக்கானல் போறேன். காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்க. அந்தா, அம்புட்டுத்தான். ஜன்னலோரம் நீயே இருந்துக்க, எனக்கு வேணாம். பள்ளத்தைப் பாத்தா எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். அதுக்குத்தான் கையில இந்த எலுமிச்சம்பழம். வளைவு முடியுற வரைக்கும் மோந்துக்கிட்டே வரணும். ஒனக்கும் வேணும்னா கேளு, கூச்சப்படாத.

நீ என்ன, டீச்சரா? இல்லையா? அப்ப நர்ஸு. அதுவும் இல்லையா? சரி, ஏதோ ஒரு சோலி பாக்குற, நல்லா இரு. என் பேரு தவமணி. மேல்மலைதான் பொறந்த ஊரு, வாக்கப்பட்ட ஊரு எல்லாம். மேல்மலைப் பூண்டு தின்னுருக்கியா? தின்னுருப்ப, தெரியாமத் தின்னுருப்ப. அதுல பாதி என் கையால வச்சதுன்னு வச்சுக்கயேன்.

இந்த மண்ணு எங்க போகுதுன்னு கேக்குற. ஆபீஸுக்குப் போகுது. கொடைக்கானல்ல மண்ணைக் குடுத்தா மிஷின்ல போட்டுப் பாத்து, நல்ல மண்ணா கெட்ட மண்ணான்னு சீட்டுக் குடுப்பாகளாமே, அங்க. இந்தச் சீட்டுலதான் என் பொழப்பே தொங்குது. எங்க வீட்டுக்காரரு தோட்டத்தை விக்கப்போறேன்னு நிக்குறாரு. காட்டேஜ் கட்டுற ஆளு ஒருத்தன் மூணு தடவை வந்துட்டான், காருல. வந்தவன் பூண்டைப் பாக்கல, மண்ணைப் பாக்கல, மலையைப் பாத்து போட்டோ எடுத்துட்டுப் போறான். எங்க வீட்டு மனுசன் அவனுக்குக் காப்பி போடச் சொல்றாரு! "மண்ணு செத்துப்போச்சு தவமணி, வித்துப்புட்டு வத்தலக்குண்டுல மக வீட்டோட போயிருவோம்"ங்கறாரு. வத்தலக்குண்டு! ஃபேன் போட்டாக்கூட வேர்வை ஊத்துற ஊரு. அங்க நான் போயி எங்க சம்பந்தியம்மா பக்கத்துல உக்காந்து நாள் பூராம் டிவி பாக்கவா? நான் முடியாதுன்னுட்டேன். ரெண்டு நாளு சோறு பொங்கல. கடைசியா ஒரு முடிவுக்கு வந்தோம். மண்ணை ஆபீஸ்ல குடுப்போம். நல்ல மண்ணுன்னு சீட்டு வந்தா விக்குற பேச்சே கெடையாது. கெட்ட மண்ணுன்னு வந்தா, தை பொறந்ததும் நான் வாயைத் தொறக்காம கையெழுத்துப் போடணும். சாமி படத்து முன்னாடி நின்னு சொல்லியிருக்கோம்.

மண்ணு ஏன் கெட்டுச்சுன்னு அந்த மனுசனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தா பாரு, முன்னாடி மூணாவது சீட்டு. பச்சை ஸ்வெட்டரு, கையில மாவுக்கட்டு. தெரியுதா? அவதான்.

மெதுவாப் பேசணுமா? எதுக்கு மெதுவா? கேக்கட்டும்னுதான சத்தமாச் சொல்றேன்.

அவ பேரு பஞ்சவர்ணம். எனக்கு ஓரகத்தி. எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவரு சம்சாரம். அந்த மூத்தவரு பாவம், போய்ச் சேந்துட்டாரு, நல்ல மனுசன். பாகம் பிரிச்சப்ப சீட்டுப் போட்டுத்தான் பிரிச்சோம். மேல்தட்டு அவுகளுக்கு, கீழ்த்தட்டு எங்களுக்கு. நடுவுல ஒரு வரப்பு. ஒரே மண்ணு, ஒரே மழை, ஒரே பனி. அவ தோட்டத்துல பூண்டு இந்தா தண்டி நிக்குது. எந் தோட்டத்துல மூக்குத்தி தண்டி நிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு. நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன்.

எல்லாம் அவ வாயில இருந்துதான் ஆரம்பிச்சுச்சு. மூணு வருசத்துக்கு முன்னாடி உரக்கடையில நிக்குறோம், நானும் அவளும். அப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டோம். ஒரே பிளாஸ்க்குல டீ குடிக்கிற பழக்கம். கடை நெறைய ஆளு. நான் யூரியா மூட்டையை ஒண்ணொண்ணா எடுத்து வைக்கச் சொல்றேன். இவ என்ன செஞ்சா தெரியுமா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ஏன்டி தவமணி, இப்படி அள்ளிக் கொட்டுற? தோசை மாவு மாதிரி மண்ணு புளிச்சுப்போகும்டி"ன்னா. தோசை மாவு! கடைக்காரனே சிரிச்சுட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்கோட பேச்சை நிறுத்தினவதான். வெறும் பேச்சோட போயிருந்தாக்கூட மறந்திருப்பேன் தாயி, எனக்கு மனசுல எதுவும் நிக்காது. ஆனா அவ சொன்ன வாய் மூடல, அந்த வருசமே என் வெள்ளாமை படுத்துருச்சு. கரிநாக்கு. வேற என்ன?

நான் என் மண்ணுக்கு என்ன கொறை வச்சேன்? சொல்லு. எங்க மேல்மலையில நிலம் ஒரு நாளு சும்மா கெடக்காது. பூண்டு எடுத்த கையோட உருளைக்கெழங்கு, அதை எடுத்த கையோட பீன்ஸு, திரும்பப் பூண்டு. வேலை வாங்குறோம்ல, வயித்துக்குப் போடணுமா இல்லையா? நான் போட்டேன். பஞ்சவர்ணம் மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடுற ஆளு நான் இல்ல. ஒரு மூட்டை போட்ட எடத்துல அடுத்த வருசம் ரெண்டு மூட்டை போட்டேன். அப்பயும் மஞ்சளா நிக்குதா, இந்தா வச்சுக்கன்னு மூணு மூட்டை. எங்க மகளுக்குச் சடங்கு வச்சப்பக்கூட நான் இப்படி மனசாரச் செஞ்சதில்ல. உரக்கடைக்காரன் தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு மட்டும் ஸ்வீட் பாக்ஸ் கொண்டாந்து குடுப்பான்னா பாத்துக்க.

அம்புட்டும் போட்டு என்ன பிரயோசனம்? மண்ணு மேல பச்சையாப் பாசி புடிச்சுக் கெடக்கு. மண்புழு ஒண்ணு கண்ணுல படல. செடியைப் புடுங்கிப் பாத்தா வேரு கட்டையா, கத்திரி வச்சு வெட்டி விட்ட மாதிரி நிக்குது. இது சாதாரண சீக்கு இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தோணுச்சு.

இரு, முக்கியமான எடம் இனிமேதான் வருது. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுச் சொல்றேன், இந்த டிரைவரு வளைவுல கொஞ்சமும் ஈவு எரக்கம் இல்லாம ஒடிக்கிறான்.

இந்த வருசம் வைகாசி. ஒரு நாள் வெள்ளன எந்திரிச்சு வெளிய வந்தேன். பனி இன்னும் விலகல. மேல்தட்டுல ஒரு உருவம். தலையில துண்டு, மூக்கு வாயெல்லாம் சேத்துக் கட்டியிருக்கு, கண்ணு மட்டும் தெரியுது. கையில மொறம். மொறத்துல இருந்து வெள்ளையா ஒரு பொடியை எடுத்து எடுத்துத் தூவிக்கிட்டுப் பின்னாடியே நடக்குது. முன்னாடி நடக்கல தாயி, பின்னாடி! உத்துப் பாத்தா பஞ்சவர்ணம். நல்ல காரியம் செய்யுறவ எதுக்கு மூஞ்சியை மூடணும்? எதுக்குப் பின்னாடி நடக்கணும்?

காத்தா? ஆமா, காத்து அடிச்சுச்சு, எங்க மலையில எப்பத்தான் அடிக்கல? அதுக்கும் இதுக்கும் என்ன?

அவ கொட்டகையில மூட்டை மூட்டையா அடுக்கியிருந்தா. வெளிய ஏதோ எழுதிக்கூட இருந்துச்சு. நான் வாசிக்கல. அவ மூட்டையை நான் ஏன் வாசிக்கிறேன்? சரி, அவ எடத்துல என்னமோ பண்ணித் தொலையட்டும்னு நானும் விட்டேன். ரெண்டு நாளு கழிச்சுப் பெரியகுளத்துல ஒரு கல்யாணம், குடும்பத்தோட போயிட்டோம். மறுநாளு திரும்பி வந்து பாக்குறேன். வரப்புக்குக் கீழ, எந் தோட்டத்துல, வரிசையா அஞ்சு பாத்தி வெள்ளை வெளேர்னு கெடக்கு. காத்துல வந்ததுன்னு சொல்லாத. காத்துல வந்தா அங்கிட்டு கொஞ்சம் இங்கிட்டு கொஞ்சம் கெடக்கும். இது ஓரம் மாறாம, கோலம் போட்ட மாதிரி, அஞ்சு பாத்தி. கூடவே காலடி. அவ செருப்பு எனக்குத் தெரியாதா? எறங்கி வந்திருக்கா! நாங்க இல்லாத நேரம் பாத்து, வரப்பைத் தாண்டி, எந் தோட்டத்துல எறங்கி செய்வினை வச்சுட்டுப் போயிருக்கா.

நான் விடுவேனா? வெளக்கமாத்தை எடுத்தேன். கூட்டி, வாரி, சட்டியில அள்ளி, அம்புட்டையும் திரும்ப அவ தோட்டத்துல கொட்டினேன். நான் அள்ளுனது பாதிகூட இருக்காது. அதுக்குள்ள மழை வந்து மிச்சத்தை மண்ணோட மண்ணாக் கரைச்சுருச்சு. அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே.

அப்பறம் குறி சொல்ற கோடாங்கியைக் கூட்டியாந்தேன். உடுக்கையை அடிச்சான். அடிச்சுக்கிட்டே, "வெள்ளையா ஒண்ணு தெரியுது, நெருங்குன சொந்தம் தெரியுது, மேல இருந்து கீழ எறங்கியிருக்கு"ன்னான். நான் ஒரு வார்த்தை சொல்லல அவன்கிட்ட! கூப்புடப் போனப்ப விவரம் சொன்னது வேற. அந்த அஞ்சு பாத்திக்கும் நாலு மூலையில எலுமிச்சம்பழம் பொதைச்சுக் கட்டுக் கட்டினான். வச்சவளுக்கே திரும்பணும்னு, பூசணிக்காயில குங்குமத்தைத் தடவி வரப்பு மேல ஒடைக்கச் சொன்னான். ஒடைச்சேன். எங்க வீட்டுச் சேவலையும் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான், அதை விடு.

இப்பக் கேளு. பூசணிக்காய் ஒடைச்ச மூணாம் நாளு. தூறலு. பஞ்சவர்ணம் வரப்பு வழியா எறங்குறா, கால் வழுக்குது, விழறா, வலது கை மணிக்கட்டு போயிருச்சு! மொத தடவை சரியாக் கூடலன்னு மறுபடி ஒடைச்சு வச்சுக் கட்டியிருக்காக. இன்னைக்குத்தான் அதைப் பிரிக்கப் போறா போல. நான் அவளை விழச் சொல்லல. பூசணிக்காயை ஒடைச்சுப் போட்டேன், அம்புட்டுத்தான். கோடாங்கி கட்டு எப்பேர்ப்பட்டதுன்னு பாத்தியா?

பூசணிக்காய் வழுக்குச்சா? நீ ஒரு ஆளு. எதுல வழுக்குனா என்ன, விழுந்தாளா இல்லையா?

சரி, அந்த அஞ்சு பாத்தி கதையைக் கேளு. ஆனியில பூண்டு ஊனினோம். ஐப்பசியில எடுத்தோம். தோட்டம் பூராம் பழைய கதைதான், மஞ்சளு, நோஞ்சான், மூக்குத்தி. ஆனா அந்த அஞ்சு பாத்தி இருக்கே, தாயி, என் கண்ணே பட்டுருக்கும். தாளு கரும்பச்சையா, நிமிந்து நிக்குது. புடுங்குனா வேரு தாடி மாதிரி மண்ணை அள்ளிக்கிட்டு வருது. ஒவ்வொண்ணும் கைக்குள்ள அடங்கல. எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு. அவ எனக்கு வச்ச எடத்துலயே எனக்கு நல்லாயிருச்சு பாத்தியா! கோடாங்கியைக் கூட்டியாந்து காமிச்சேன். அவன், "நான் கட்டுன கட்டு"ன்னு மீசையைத் தடவிக்கிட்டான்.

அப்ப மிச்சத் தோட்டத்தையும் கட்டுன்னேன். கட்டினான். எத்தனை எலுமிச்சம்பழங்கற! தோண்டுன எடமெல்லாம் எலுமிச்சம்பழம். அதுக்கு மேல நான் வேற, கட்டும் இருக்கட்டும், உரமும் இருக்கட்டும்னு ரெண்டு மூட்டையைக் கொட்டி பீன்ஸைப் போட்டேன். என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல. மொளைச்சு ஒரு சாண் வந்து அப்படியே மொறைச்சுக்கிட்டு நிக்குது. அதைப் பாத்துட்டுத்தான் அந்த மனுசன் காட்டேஜுக்காரனுக்கு போனைப் போட்டாரு.

அதனாலதான் இந்த மண்ணு. எந்த எடத்துல எடுத்தேன்னு கேளு. சொல்றேன், ஒனக்கு மட்டும். அந்த அஞ்சு பாத்தியில எடுத்தேன். எப்படி? தவமணியா கொக்கா? பொண்ணு பாக்க வாராகன்னா, இருக்குறதுல நல்ல சேலையைக் கட்டித்தான நிறுத்துவோம்? அழுக்குச் சேலையோடயா நிறுத்துவோம்? ஆபீஸ்ல என்ன நேர்ல வந்தா பாக்கப்போறாக? சீட்டு அமோகமா வரும். அந்த மனுசன் வாயை அடைச்சுருவேன். கொடைக்கானல்ல சோலியை முடிச்சுட்டு அப்படியே பழனிப் பக்கம் போகணும், அங்க ஒரு பெரிய ஆளு இருக்காராம், கோடாங்கிக்கெல்லாம் கோடாங்கி. அவருகிட்ட காட்டத்தான் அந்தப் பொடியைக் கொஞ்சம் பத்திரமா வச்சிருக்கேன். இந்தா பாரு, மாத்திரை டப்பாவுல. தொடாத! ஏ, தொடாதன்னா! ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்க ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?

ஏ புள்ள, என்ன பண்ற? என் எலுமிச்சம்பழத்தை எதுக்கு நகத்தால கீறுற? ஏ, அதுல ஏன் புழியுற?

அடியாத்தி! பொங்குது! பாரு, பாரு, புஸ்ஸுன்னு நுரை தள்ளுது! நான் சொன்னேன்ல? சொன்னேன்ல? எலுமிச்சம்பழம் பட்டதும் உள்ள இருக்குறது தாங்க மாட்டாம கத்துது பாரு! தூக்கி வெளிய வீசிரு தாயி! நீ ஏன் சிரிக்கிற? பயமா இல்லையா ஒனக்கு?

என்னது?

சுண்ணாம்பா?

சுண்ணாம்புன்னா, வெத்தலைக்குத் தடவுவாகளே, அதுவா? அதே கல்லா? சுடாம அப்படியே அரைச்ச பொடியா? எலுமிச்சம்பழம் பட்டா எந்தச் சுண்ணாம்புக்கல்லும் இப்படித்தான் பொங்குமா? ஒனக்கு எப்படித் தெரியும்?

ஐயய்யோ. மண்ணு ஆபீஸா? நீயா? அந்த மிஷின்ல போட்டுப் பாக்குறதே நீதானா? அடிப்பாவி, இம்புட்டு நேரம் உக்காந்து கேட்டுக்கிட்டு வந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா? டீச்சரான்னு கேட்டேன், நர்ஸான்னு கேட்டேன். நான் எங்க சொல்ல விட்டேன்கறியா? அதுவும் சரிதான். பொண்ணுக்குச் சேலை கட்டுன கதையை வேற ஒங்கிட்டயே சொல்லிப்புட்டேன். போச்சு, எல்லாம் போச்சு. இந்த மண்ணைப் பத்தி ஆபீஸ்ல போட்டுக் குடுத்துறாத தாயி.

சரி, சொல்லு. நான் வாயை மூடிக்கிறேன். சத்தியமா.

ம்.

ம்... நான் கொட்டுன யூரியாவுலதானா? வருசா வருசம் கொட்டக் கொட்ட மண்ணு புளிக்குமா? எங்க மழை வேற, மண்ணுல இருக்குற சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கிட்டுப் போயிருமா? சரி. புளிச்ச மண்ணுல வேரு கருகிக் கட்டையாயிருமா? அதுக்கு மேல நான் எத்தனை மூட்டை போட்டாலும் செடியால எடுக்க முடியாதா? அப்ப நான் மூணு வருசமா செடியோட வாயைத் தைச்சு வச்சுக்கிட்டு சோத்தை அள்ளி மூஞ்சியில அப்பியிருக்கேன். அப்பிட்டு, ஏன் தின்ன மாட்டேங்குறன்னு மறுபடி அப்பியிருக்கேன்.

சுண்ணாம்பு போட்டா அந்தப் புளிப்பு எறங்கும். நடுறதுக்கு ஒரு மாசம் முந்தியே தூவணும். காத்துக்கு எதுத்துத் தூவுனா கண்ணுல அடிக்கும், மூக்குல ஏறும், அதனால மூஞ்சியைக் கட்டிக்கணும். காத்துக்கு முதுகைக் காட்டிக்கணும். தூவுன எடத்தை மிதிக்காமப் பின்னாடியே நடக்கணும். வெளங்குது தாயி, வெளங்குது.

தோசை மாவு மாதிரி மண்ணு புளிச்சுப்போகும்டின்னா.

அவ சாபம் வைக்கல. விவரத்தைத்தான் சொல்லியிருக்கா. நாலு பேரு முன்னாடி சொன்னா, அது தப்புத்தான், ஆனா விவரம். நான்தான் பேச்சை நிறுத்திட்டேனே, அப்பறம் எப்படிச் சொல்லுவா? அதான் நாங்க ஊருல இல்லாத நாளாப் பாத்து வந்து போட்டுட்டுப் போயிருக்கா. போட்டா கண்ணால பாத்தாச்சும் புரிஞ்சுக்குவான்னு. நான் என்ன பண்ணினேன்? வெளக்கமாத்தால வாரி அவ தோட்டத்துலயே கொட்டினேன். எதைப் போட்டாளோ அதையே.

பூசணிக்காய்.

தாயி, அந்தப் பூசணிக்காய் சதை வரப்புல வழவழன்னு கெடந்துச்சு. கூட்டி ஒதுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நான்தான் அவ கையை ஒடிச்சேன். வேற யாரும் இல்ல, நான்தான். ஒடிஞ்ச கையோட அவ ஒத்த ஆளா அம்புட்டுப் பூண்டையும் புடுங்குனதை நான் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சந்தோசமா வேற இருந்துச்சு. எனக்கு இப்ப மூஞ்சியை எங்க கொண்டுபோயி வைக்குறதுன்னு தெரியல.

கொமட்டல் இல்ல தாயி, வேணாம், பழத்தை நீயே வச்சுக்க. கண்ணு கலங்குதா? ஆமா கலங்குது. கலங்கட்டும்.

நீ சொல்லு, இந்த மண்ணை ஒங்கிட்டக் குடுத்தா என்ன வரும்? நல்ல மண்ணு, சுண்ணாம்பு வேணாம்னு சீட்டு வரும். நான் அந்தச் சீட்டைப் பூஜை ரூம்புல மாட்டி வச்சுட்டு மறுபடி யூரியாவைக் கொட்டுவேன். அடுத்த வெள்ளாமையும் படுக்கும். அந்த மனுசன் பேனாவைத் தொறந்து நீட்டுவாரு. நானே எனக்குக் குழி வெட்டப் பாத்திருக்கேன். அப்ப எப்படி எடுக்கணும்? தோட்டம் பூராம் பத்துப் பதினஞ்சு எடத்துல, ஒரு சாண் ஆழத்துல எடுத்து, ஒண்ணாக் கலந்து கொண்டாரணுமா? நல்ல பாத்தியைச் சேக்காம, தனியாவா? நோஞ்சானைத்தான் டாக்டருகிட்டக் காட்டணும், சரிதான்.

கெட்ட மண்ணுன்னு எழுதிருவியா? நான் சாமி முன்னாடி சொல்லியிருக்கேனே. என்ன, அப்படி எழுத மாட்டீகளா? புளிப்பு இத்தனை, சுண்ணாம்பு இத்தனைன்னுதான் எழுதுவீகளா? செத்த மண்ணுன்னு ஒண்ணு கெடையாதா? திரும்ப ஒருக்காச் சொல்லு. புளிச்சதுதான், சாகல. ஒரே வெள்ளாமையில சரியாகாது, ரெண்டு மூணு ஆகும், ஆனா சரியாகும். சாட்சிக்கு அஞ்சு பாத்தி இருக்கு. போதும் தாயி, இது போதும். அந்த மனுசனை அந்த அஞ்சு பாத்தியில கொண்டுபோயி நிறுத்துறேன். காட்டேஜுக்காரனுக்கு இனிமே காப்பி கெடையாது.

தோட்டம் நிக்கும். சரி. இன்னொண்ணு இருக்கே. அது எப்படி?

மூணு வருசம் ஆச்சு தாயி. வாய் வருமான்னு தெரியல. வாரது வரட்டும்.

ஏக்கா!

ஏக்கா, பஞ்சவர்ணக்கா! ஒன்னைத்தான்!

திரும்ப மாட்டேங்குறா. கழுத்து வெறைச்சு நிக்குது பாரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கா, கரிநாக்குன்னு சொன்னதையும் சேத்து. நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டு வந்தேனே. இல்ல, விடக்கூடாது. ஏக்கா! அந்த அஞ்சு பாத்திக்கு எத்தனை மூட்டைக்கா போட்ட?

கையைத் தூக்குறா. பாத்தியா, நல்ல கையை. ஒரு வெரலு. ஒரு மூட்டையா? என்ன சொல்றா? பஸ்ஸு சத்தத்துல கேக்கல. "மிஞ்சுனது அம்புட்டுத்தான்"னா சொன்னா? மிஞ்சுனதை எனக்குப் போட்டிருக்கா தாயி. இன்னும் இருந்திருந்தா பூராம் போட்டிருப்பா, அவ அப்படித்தான், எனக்குத் தெரியும்.

ஏக்கா, கையி... இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்கா. பையைத் தூக்க ஆளு வேணும்ல?

திரும்பிட்டா! என்ன? என்னக்கா? என்னத்தை எடுக்கணும்?

மொதல்ல அந்த எலுமிச்சம்பழத்தையெல்லாம் தோண்டி எடுத்துப் போடுங்கறா! மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கா! பஸ்ஸே சிரிக்குது. கண்டக்டரு, நீ ஏன்யா சிரிக்கிற, டிக்கெட்டைக் கிழி. நீயும் சிரி தாயி, பரவாயில்ல, நானும்தான் சிரிக்கிறேன்.

ஏ, அங்க பாரு. ஒத்தக் கையால பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. பக்கத்துல எடம் விட்டுருக்கா. யாருக்குன்னு சொல்லல, வெளிய பள்ளத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா. நான் முன்னாடி போறேன் தாயி. இந்த மண்ணை நீ வளைவுல கொட்டிரு, அடுத்த வாரம் வேற மண்ணு கொண்டாறேன். இல்ல, இரு இரு, கொட்டாத! இங்க குடு அந்தப் பையை. அது பஞ்சவர்ணக்கா போட்ட மண்ணு.